காருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

இந்த நாட்டில் இலை பழுப்பதை ரேடியோவில் செய்தியாக வாசிக்கிறார்கள். காலையில் பிள்ளைகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது மழை, வெயில், சாலை நெரிசல் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அதே குரலில், மலையுச்சியில் மஞ்சள் வந்துவிட்டது, கீழே சிவப்பு இனிமேல்தான், வரும் சனி ஞாயிறு பார்க்கத் தோதான நாட்கள் என்று ஒருவர் சொல்கிறார். நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இலை பழுத்து விழுந்தால் பெருக்கித் தள்ளுவோம். இங்கே அதைப் பார்ப்பதற்கு லீவு போட்டு, விடுதியில் அறை பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு மலையேறுகிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இந்த வருடம் நானே பெட்ரோல் பங்க்கில் மேப் வாங்கி, சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டேன்.

என் கணவர் ராஜபாளையத்துக்காரர். அங்கே நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் மில்லில் வேலை கிடைத்து வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். பெரியவள் பூரணிக்கு ஐந்து வயது, சின்னவன் கதிருக்கு மூன்று. கோடையில் நான் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தேன், முதல் தடவையிலேயே. அன்றிலிருந்து ஒரே ஆசை: இந்த இலை உதிர்வதற்குள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நானே மலைப்பாதையில் ஓட்டிப் போக வேண்டும். இவரோ சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷிப்ட் என்றார். சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"அதெல்லாம் கொண்டை ஊசி வளைவுட்டி. அடுத்த வருசம் நான் ஓட்டுறேன், நீ பிள்ளையளப் பாத்துக்கிட்டு பின்னால வா."

"பின்னால உக்காந்து வந்த கதையெல்லாம் போதும்."

அந்தக் கதை எண்பத்தைந்திலோ ஆறிலோ நடந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த பெரியப்பா, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை எல்லாரையும் மலைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. மாதம் ஐப்பசி. மழை பெய்யுமே என்று பெரியம்மா சொன்னதற்கு, "மழைக்குப் பயந்தா மலைக்கு எப்படிப் போறது" என்று தார்ப்பாய் வாங்கி வந்துவிட்டார். வேனுக்குச் சொல்லி, புளிச்சோற்றுக்குச் சொல்லி, யார் யார் எங்கே உட்காருவது என்பதைக்கூட முந்தின நாளே அறிவித்தார். ஆண்பிள்ளைகள் முன்னால் டிரைவர் பக்கம். பெண்பிள்ளைகள் கடைசி சீட்டில் அம்மாக்களோடு. செங்கோட்டை வரை பாட்டும் கும்மாளமும்தான். மலையேறத் தொடங்கியதும் அம்மா என் தலையைப் பிடித்து மடியில் அமுக்கினாள். "கண்ண மூடிக்கோ, பாத்தா வாந்தி வரும்." ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கேட்கும், முன்னால் பையன்கள் "ஏலே, பள்ளத்தப் பாருல" என்று கத்துவார்கள், என் மூக்கில் அம்மா சேலையின் நைலக்ஸ் வாசம். மலையடிவாரத்தில் பிறந்து, செண்பகத்தோப்புக்கு நடந்தே போய்வந்த நான், வாழ்க்கையில் முதன்முதலாக மலைமேல் ஏறினேன், ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து வந்த அண்ணனிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

ஆகவே நான் விடுவதாக இல்லை. துண்டு, மாற்றுத்துணி, பிளாஸ்க், பிளாஸ்டிக் கவர், தயிர்ச்சோறு என எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இங்கே பிள்ளைகளைத் தனித்தனி சீட்டில் வைத்து பார்சல் கட்டுகிற மாதிரி வாரால் கட்டியாக வேண்டும், மடியில் போட்டுக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்கும். அந்தச் சட்டத்தை முதலில் கேட்டபோது எனக்கு எம்புட்டு சந்தோஷம். பாக்கி இருந்தது எலுமிச்சம்பழம் ஒன்றுதான். முகர்வதற்கு இரண்டு, டயருக்கு அடியில் வைத்து நசுக்குவதற்கு ஒன்று. இந்த வண்டியை வாங்கிய அன்று அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு நான்சி தோட்டத்தில் நின்று, காற்றடித்து இலையைத் தள்ளுகிற மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த வண்டியை எங்களுக்கு விற்றவனே அவளுடைய தம்பிதான், பழைய கார் வியாபாரி. எல்லாம் தயாரா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். எல்லாம் தயார், காருக்கு லெமன் மட்டும் வாங்க வேண்டும் என்று நானும் கத்தினேன். மிஷின் இரைச்சலில் அவளுக்கு என்ன கேட்டதோ, முகம் சுருங்கிப் போயிற்று. மிஷினை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் இவர் மில்லிலிருந்து வரும்போது, அவள் தம்பி டூல் பாக்ஸோடு எங்கள் வாசலில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மலைக்குப் போவதற்கு முன்னால் வந்து பார்த்துக் கொடுப்பது இங்கத்து வழக்கம்போல என்று நினைத்து, நான் டீயும் முறுக்கும் எடுத்து வந்தேன். அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் என்ன குறை என்று கேட்டான்.

"ஒரு குறையும் இல்லையே."

"இது லெமன் என்று என் அக்காவிடம் சொன்னீர்களாமே."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவருக்கு மட்டும் விளங்கிவிட்டது. காதுக்குள் வந்து சொன்னார்: "ஏட்டி, இந்த ஊருல ஓட்டை உடைசல தலையில கட்டுனா, அந்தக் காருக்குப் பேரு லெமன். அவரு ஏமாத்திட்டாருன்னுல்ல சொல்லிருக்க."

ஐயோ என்று உள்ளே ஓடி, மதியம் வாங்கி வைத்திருந்த பழத்தை எடுத்து வந்தேன். நம் ஊர்ப் பழம் மாதிரி இல்லை. முட்டை கணக்கில் பெரிதாய், தோல் தடித்து, மஞ்சளடித்தது போல இருந்தது. அதை முன் டயருக்கு அடியில் வைத்து, இதன் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் நாங்கள் பயணம் கிளம்புவோம் என்று விளக்கினேன். அவன் பழத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் சிரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான், அவளும் சிரித்தாள். அப்புறம் வழக்கப்படி ஆம்பளையைத் தேடி இவர் பக்கம் திரும்பி, மலை இறங்கும்போது எந்த கியரில் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான்.

"என்கிட்டச் சொல்லாதீங்க," என்றார் இவர் இங்கிலீஷில். "ஓட்டப்போறது அவதான்."

எனக்கே நம்ப முடியவில்லை. அவன் போன பிறகு கேட்டேன்.

"பின்ன என்ன செய்ய?" என்றார். "அவரு வண்டிய நல்லா இல்லன்னு சொல்லியாச்சு. இனி போகாம வீட்டுல கிடந்தா, வண்டிக்குப் பயந்துட்டோம்னுல்ல நினைப்பாரு. ஞாயித்துக்கிழம ஷிப்ட வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டு, சனிக்கிழம ராத்திரி ஷிப்டு முடிச்சு காலையில வாரேன். தூங்காம வந்து நான் ஓட்டவா முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பின்சீட்டில், இரண்டு பேருக்கும் நடுவில், முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தார். நான் பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன். நான்சி வாசலில் நின்று கைதட்டினாள். மலைச்சாலையில் முதல் வளைவில் தேவைக்கு மேலேயே பிரேக்கை மிதித்தேன், உண்மைதான். நாலாவது, ஐந்தாவதில் பழகிவிட்டது. மரங்கள் ரேடியோக்காரர் சொன்னதற்கு மேலேயே இருந்தன. குங்குமத்தைக் கரைத்து ஊற்றினது போல ஒரு சரிவு, பக்கத்திலேயே மஞ்சள்பொடி. பூரணி "ரெட் மரம், ரெட் மரம்" என்று ஒவ்வொன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். கதிர் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதி மலையில் பின்னாலிருந்து ஒரு முனகல்தான் கேட்டது.

"செத்த நேரம் ஓரமா நிப்பாட்டு."

"யாருக்கு, கதிருக்கா?"

"எனக்குத்தான்."

பூரணி அப்பாவுக்கு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "கண்ண மூடிக்கோங்கப்பா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சக புலம்பெயர்ந்தோருக்கு என் சொந்த அனுபவத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஓட்டுகிறவர்களுக்குக் குமட்டாது. ஊர்ப் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

உச்சியில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதற்கென்றே தளம் கட்டி, தடுப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். தயிர்ச்சோறு தின்று, பிள்ளைகள் ஆடி முடித்து, இவர் முகம் தெளிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பூரணி தடுப்புக் கம்பியில் ஏறி நின்று, "நம்ம ஊரு எங்கம்மா?" என்றாள். பழக்கத்தில் இறங்குகிற சூரியனைப் பார்த்துக் கையை நீட்டினேன். எங்கள் ஊரில் மலை மேற்கே. ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் ராஜபாளையமானாலும் எந்தத் தெருவில் நின்றாலும் சூரியன் அதற்குப் பின்னால்தான் விழும். மலை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அந்தப் பக்கம்தான் காட்டும். இங்கே நாங்கள் குடியிருக்கும் ஊருக்கு மலை கிழக்கே இருக்கிறது என்பது, அதன் மேலேறி நின்ற அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. கை நீண்ட திசையில், தூரத்துப் பள்ளத்தாக்கில், எங்கள் வாடகை வீடு இருந்தது.

"அங்கயா? அம்மாச்சி வீடுமா?"

"அது இன்னும் தள்ளி," என்றேன். எந்தப் பக்கம் தள்ளி என்று அவள் கேட்கவில்லை.

"ஏட்டி, வெளிச்சம் இருக்கையிலேயே இறங்கிரு," என்று இவர் பின்சீட்டில் போய் ஏறிக்கொண்டார். பிள்ளைகளை வாரால் கட்டி, சாவியைத் திருகி, சாலைக்கு வந்தேன். முன் கண்ணாடிக்கு நேர் எதிரே, எங்கள் வாடகை வீட்டுப் பக்கமாக, சூரியன் மறைவதற்கு ஒரு மலையும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.