மீட்டரில் ஏறாத கரண்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்காலில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த வேலை ஆளைச் சந்தேகக்காரனாக்கிவிடும். ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும் எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு என்று கண் தானாகப் பார்க்கும். பிறகு யாராவது உடைத்திருக்கிறார்களா என்று மீட்டரின் ஈய முத்திரையைத் தடவிப் பார்ப்பேன். கல்யாணத்துக்குப் போனால்கூட, பந்தல் விளக்குக்கு எங்கிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்ப்பேன். மனைவி முழங்கையால் இடிப்பாள்.

மாதா கோவில் பக்கத்தில் ஒரு வீடு என் தூக்கத்தையே கெடுத்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரும் மனைவியும் மட்டும் அங்கே இருந்தார்கள். ஒரே மகன் பிரான்சில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அந்த வீட்டுக்கு அவ்வப்போது லாரியில் பெரிய மரப்பெட்டி வந்து இறங்கும். தெருவே நின்று பார்க்கும். திறந்திருக்கும் கதவு வழியாக நானும் பார்த்திருக்கிறேன். கூடத்தில் ஆள் உயர ஃபிரிட்ஜ், அதற்குப் பக்கத்தில் துணி துவைக்கும் மெஷின், மூலையில் மின்சார அடுப்பு.

ஆனால் மீட்டரோ எதிர்வீட்டு வாத்தியார் வீட்டைவிடக் குறைவாகக் காட்டியது. வாத்தியார் வீட்டில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும்தான்.

எங்கேயோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். கம்பத்தைச் சுற்றி வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. ரீடிங் நாள் இல்லாத நாட்களிலும் அந்தத் தெருவில் சைக்கிளை மெதுவாக விட்டுக்கொண்டு போனேன். ஒருநாள் உச்சிவெயிலில் மீட்டருக்கு முன்னால் நின்றேன். உள்ளே தகடு சுற்றுகிறதா, தூங்குகிறதா என்றே சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"என்ன தம்பி, போன வாரந்தானே எழுதிக்கிட்டு போனீங்க?"

"ஒரு சந்தேகம்ங்க ஐயா. உள்ள வந்து ஒயரிங் பாக்கலாமா?"

"மீட்டர் வாசல்லதானே இருக்கு? உள்ள என்ன வேலை?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை அவர் கஸ்டம்ஸுக்குத் துப்புச் சொல்கிற ஆள் என்று நினைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்பட்டார். சாத்திய கதவு எனக்குப் போதுமான சாட்சியாகப் பட்டது. அன்றே உதவிப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பொறியாளர், லைன்மேன், நான் மூவரும் போனோம். வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"வுடுங்க, வந்து பாக்கட்டும். எத்தனை நாளைக்குத்தான் மறைச்சி வைக்கிறது?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. அந்த அம்மா நேராக ஃபிரிட்ஜிடம் போய்க் கதவைத் திறந்தார். விளக்கு எரியவில்லை. சில்லென்ற காற்றும் வரவில்லை. வெல்ல வாசனைதான் வந்தது. தட்டுகளில் வெல்லம், சீனி, அப்பளம், மிளகாய் வற்றல். கீழே காய்கறி வைக்கும் இழுப்பறையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதக்கட்டு.

"எறும்பு ஏறாது, எலி வராது. அதுக்குத்தான் இது" என்றார். பிறகு துணி மெஷினின் மூடியைத் தூக்கினார். உள்ளே புழுங்கலரிசி.

அந்த அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். ஃபிரிட்ஜ் வந்து ஒன்றரை மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. சித்திரை மாதத்தில் வோல்டேஜ் இறங்கி, ஊரில் டியூப்லைட்டெல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த நாட்களில் மோட்டார் எரிந்துவிட்டது. நாகப்பட்டினத்து மெக்கானிக் கழற்றிப் பார்த்து, பிரான்சிலிருந்துதான் சாமான் வரவேண்டும் என்று கையை விரித்துவிட்டார். ஷிஃப்டுக்கு மேல் ஷிஃப்டு பார்த்து மகன் அனுப்பியது. எரிந்துபோயிற்று என்று அவருக்கு எப்படி எழுதுவது? "நன்றாக ஓடுகிறது, தினமும் ஐஸ் தண்ணீர் குடிக்கிறோம்" என்று அப்பா எழுதிவிட்டார். மகன் சந்தோஷப்பட்டுத் துணி மெஷினை அனுப்பினார். அதுவும் நன்றாக ஓடுகிறது என்று பதில் போயிற்று. அடுப்பு வந்தது. ஃபிரிட்ஜுக்கு நேர்ந்ததுபோல் எரிந்துபோகும் என்று பயந்து இரண்டையும் அவர்கள் பிளக்கில் செருகவே இல்லை.

பொறியாளர் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "வாங்கய்யா, போவலாம்" என்றார் என்னிடம், என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில சொல்லிடாதீங்க தம்பி."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஊறிப்போன சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விடுமா? அது வேறு பக்கம் திரும்பியது. கொல்லையில் அந்த அம்மா மூட்டியிருந்த சவுக்கு விறகு அடுப்பை உள்ளே போனபோது பார்த்திருந்தேன். துணி துவைக்கக் கல். அந்த மெஷினும் அடுப்பும் காரைக்காலில் ஒரு யூனிட் கரண்ட்கூட இழுக்கவில்லை. சரி, அப்படியானால் ஒன்றுமே எரியவில்லையா? அந்தத் தகரத்துக்காக எங்கோ இரும்பை உருக்கியிருப்பார்கள். கப்பல் வாரக்கணக்கில் எண்ணெய் எரித்து வந்திருக்கும். பிறகு லாரி. எல்லாமே இந்த வீட்டின் பேரில்தான் எரிந்தது. அதை எந்த மீட்டரில் போய்ப் பார்ப்பது? கார்பன் தடம் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எனக்கு அந்தச் சொல் தெரியாது. எங்கோ திருட்டு நடக்கிறது, ஆள் மட்டும் அகப்படவில்லை என்பதுபோல ஓர் அரிப்பு மட்டும் இருந்தது.

என் வீட்டிலேயே ஆரம்பித்தேன். மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிங்கப்பூர் டார்ச், ஜப்பான் சேலை, எல்லாவற்றையும்.

"ஆளுங்களைச் சந்தேகப்பட்டு முடிச்சி, இப்ப சாமானையும் சந்தேகப்பட ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மகன் விடுமுறைக்கு வந்தார். அதற்கு முன்பே பெரியவர் என்னைத் தேடி வந்தார். "அவன் இருக்குற இருவது நாளும் நம்ம தெருவுல கரண்ட்டு இல்லாம பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

நான் ரீடிங் எடுக்கப் போனது மகன் வந்த மூன்றாம் நாள். வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லி, அதுவரை ஃபிரிட்ஜ் பக்கம் போகவிடாமல் அவரை வைத்திருந்தார்கள்.

"வாங்க, உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் மகன். கையில் மீட்டர் அட்டை. "இவ்ளோ மெஷின் ஓடுற வீட்ல இவ்ளோதான் யூனிட்டா? பாத்துதான் எழுதுறீங்களா, இல்ல ரோட்ல நின்னே எழுதிட்டுப் போறீங்களா?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் ரீடிங்கைச் சந்தேகப்பட்டார். கோபம் வந்தது. பின்னால் நின்ற பெரியவரின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பொய் சொல்லவும் வரவில்லை.

"மீட்டர் சரியாத்தாங்க இருக்கு" என்றேன். அவ்வளவுதான்.

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அந்த அம்மா வந்து மகன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், முதலில் ஃபிரிட்ஜையும் பிறகு மெஷினையும் திறந்து காட்டினார். மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரிசிக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளேயே போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அம்மா, அடுத்த பெட்டி கப்பல்ல ஏறிடிச்சும்மா."

"அதுல என்னப்பா?"

"இன்னொரு ஃபிரிட்ஜு. இதைவிடப் பெருசு."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பெரியவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மகன் திரும்பிப் போன பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. லாரி வாசலில் நின்றது. அந்த அம்மா அதை இறக்கவிடவில்லை. தருமபுரம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன மருந்தகம் ஒன்று இருந்தது. அங்கே ஜெனரேட்டர் உண்டு. லாரியை அங்கேயே திருப்பி அனுப்பினார். ஊசி மருந்துகளை வைத்துக்கொள்ள அந்த ஃபிரிட்ஜ் பல வருஷம் உழைத்தது.

அதன்பிறகு, என்ன வேண்டும் என்று முதலில் கேட்டு எழுதுவது மகனுக்கு வழக்கமாயிற்று. ஒன்றும் வேண்டாம் என்றே பதில் போகும். ஒரே ஒரு தடவை மட்டும் அந்த அம்மா ஒரு பொருள் கேட்டார். அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு ஃபிரேம். அது சின்ன உறைக்குள் தபாலில் வந்தது.