ஒண்ணா ரெண்டா சாரும் ஏழு கியரும்

ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டுப் பெடலைக் கையால் சுழற்றுகிறார். காதைச் செயினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு அதே கால் சுற்றைப் பின்னால் திருப்பி, மறுபடி பெடலைச் சுழற்றி, மறுபடி காதைக் கொடுக்கிறார். கூடத்தின் நடுவில், ஒரு பழைய போர்வையின்மேல், புதுச் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. “முன்ன இருந்தது நல்லா இருக்கா, இப்ப இருக்கறது நல்லா இருக்கா?” என்று கேட்கிறார். வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. அது தங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கேள்விதான் அவருக்குச் சோறு போடுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறார். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கனத்த வட்டச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லுகளைச் செருகுவதும் எடுப்பதுமாக, “ஒண்ணு நல்லா தெரியுதா... ரெண்டு நல்லா தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே போவார். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது இருக்கும். கடையில் அவருக்கு ‘ஒண்ணா ரெண்டா சார்’ என்று பெயர். போனில் பேசுகிற வாடிக்கையாளர்களும் அப்படியே கேட்பார்கள்: “ஒண்ணா ரெண்டா சார் இன்னைக்கு இருக்காரா?”

கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தடவை எழுந்திருப்பார்: மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க, ஜன்னல் கொக்கியைச் சரிபண்ண, குழாயை இன்னும் ஒரு இழை இறுக்க. குழாய் அதற்கு முன்பு சொட்டியிருக்காது; அதற்குப் பிறகு சொட்டும். வீட்டுச் சுவரில் மாட்டிய எதுவும் நேராக இல்லை, எல்லாமே பலமுறை நேராக்கப்பட்டவை. விருந்தாளி யாராவது கண்ணாடி போட்டு வந்தால் பேச்சுக்கு நடுவில் இரண்டு கையாலும் அதை மெல்லக் கழற்றி, காதுக் கம்பியை இம்மியளவு வளைத்து, திரும்ப மாட்டிவிடுவார். ஒரு தடவை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவருக்கும் அப்படிச் செய்துவிட்டார். அவர் சண்டைக்கு வந்து, பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தொழிலில் மட்டும் அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னு எப்பச் சொல்றாங்களோ, அப்பக் கையை எடுத்துடணும். அதுக்கு மேல திருப்பினா நம்ம திருப்திக்குத் திருப்பறது” என்பார். ஆனால் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் மாட்டார். சிலர் அவர் மனம் நோகக்கூடாதே என்று, “இப்ப பளிச்னு இருக்கு சார்” என்று சொல்லிவிடுவார்களாம். அவர்களைப் பிடிக்க ஒரு வித்தை வைத்திருக்கிறார். சில்லை எடுத்து, அதே சில்லைத் திரும்பச் செருகிவிட்டு, “இப்ப?” என்று கேட்பார். அதற்கும் பளிச் என்றால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். “மரியாதைக்குச் சொல்றவங்களுக்குக் கண்ணாடி போட முடியாது.”

இந்த மனிதர் இருக்கும் வீட்டுக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை ஏழு கியர் வைத்த சைக்கிள் பெட்டியில் வந்து இறங்கியது.

சைக்கிள் அவருக்கு இல்லை, அவர் மனைவிக்கு. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தபிறகு, அந்த அம்மாள் தானே அலைந்து தேடி ஒரு வேலை பிடித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகளைத் தரம் பிரித்து இஸ்திரிக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பம். முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது ஆறு இருபது ஆகிவிடும். “ஒரு வாரம் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஒரு நாள் லேட்டானாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம்” என்று வீட்டில் சொல்லியிருந்தார். வழியில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பெரிய பாலம். அந்த மேட்டில் ஏறத்தான் கியர்.

எந்தச் சைக்கிள் என்று முடிவு செய்யவே பதினோரு நாள் ஆனது. இரண்டைப் போனில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று அவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி ஒன்றை வாங்கிவிட்டார்.

பெட்டியைப் பிரித்து, ஹேண்டில்பாரையும் சீட்டையும் முன்சக்கரத்தையும் படத்தைப் பார்த்து அவரே பூட்டினார். அதுவரை ஒரு குறையும் இல்லை. கியர்தான் ஒத்துழைக்கவில்லை. மூன்று என்று காட்டினால் செயின் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்று முணுமுணுத்தது. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் வேலையிலிருந்து நிமிரவே இல்லை. “பெட்டி பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டீங்களா? கோளாறுக்கு மட்டும் நான் வேணுமாக்கும்” என்றார். விற்றவர்களின் இணையப் பக்கத்தில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கேபிள் வந்து சேரும் இடத்தில் கடலை அளவுக்கு ஒரு கறுப்புத் திருகு இருக்கும், அதைக் கால் கால் சுற்றாகத் திருப்பிச் சோதிக்கவும் என்று போட்டிருந்தது. படித்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. இது நம்ம வேலை ஆயிற்றே. அடியில், ‘இந்தப் பதில் உதவியாக இருந்ததா? ஆம், இல்லை’ என்று கேட்டிருந்தார்கள். அதற்கு என்ன சொல்வது என்று பத்து நிமிடம் யோசித்துக்கொண்டிருந்தார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் இருட்டும்வரை, கறுப்புத் திருகோடு கழிந்தன. வெள்ளிக்கிழமை காலை ஏழு கியரும் மணி மணியாக மாறின. மாற்றிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று செயின் படிக்கட்டு ஏறுவதுபோல ஏறி இறங்கியது. மனைவி அதை எடுத்துக்கொண்டு பாலம்வரை போனார். அரை மணி கழித்துத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

“மேட்டுல நாலுலேருந்து மூணு போட்டா கடக்குனு ஒரு சத்தம். கால் வழுக்கிக்கிட்டுப் போகுதுங்க.”

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். நாலு, மூணு. மூணு, நாலு. கியர் வெண்ணெய்போல மாறியது. “இங்க ஒண்ணும் இல்லையே” என்றார்.

“இங்க இருக்காது. பாலத்துலதான் இருக்கு.”

“அங்க ஒரு சைக்கிள், இங்க ஒரு சைக்கிளா? நீ அழுத்தி மிதிச்சிருப்ப.”

மகள்தான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏம்ப்பா, கடைக்கு வர்றவங்களையும் தலைகீழா நிக்கவச்சுத்தான் கண்ணு பாப்பீங்களா?” அவர் அவளைப் படிக்கிற வேலையைப் பார்க்கச் சொன்னார். அப்பா இதை முடிப்பதற்குள் அம்மா ரிட்டையரே ஆகிவிடுவாள் என்று அவள் புத்தகத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி போர்வை, மறுபடி தலைகீழ். எட்டு மணிக்கு அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனபோது, அங்கே மனைவியின் பழைய நடைக் காலணிகள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். நடந்து போவதென்றால் நாலேகாலுக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் காலணிகள் சொல்லியதே போதுமானதாக இருந்தது. அவர் குனிந்து, ஒன்றை மற்றதற்கு இணையாகத் திருப்பி வைத்துவிட்டு, தான் செய்தது என்ன என்று உறைத்ததும் விறுவிறுவென்று கிளம்பிப் போனார்.

அன்று மதியம், போன மாதம் கண்ணாடி வாங்கிய ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லா எழுத்தும் தெரிந்தது, ஆனால் பள்ளிக்கூடப் படியில் இறங்கினால் தரை மேலே வருகிறது என்றார். அவர் அதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். வட்டச் சட்டத்தில் புதுச் சில்லுகளைப் போட்டு மாட்டிவிட்டு, “இங்க உக்காந்து பார்த்தா தெரியாதும்மா. வாசப்படி இறங்கி, தெருவரைக்கும் நடந்துட்டு வாங்க. ஒவ்வொண்ணா மாத்தித் தர்றேன்” என்றார். டீச்சர் சட்டத்தை மாட்டிக்கொண்டு மெல்லப் படியில் கால் வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அங்கேயே முகம் சூடாகிவிட்டது. யார் பெற்ற மகளோ, அவள் கண்ணில் தரை மேலே வருகிறது என்றால் உடனே நம்புகிறோம். வீட்டில் இருப்பவள் கால் வழுக்குகிறது என்று சொன்னதை ஏன் இரண்டு நாளாகச் சைக்கிளிடம் விசாரித்துக்கொண்டிருந்தோம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருந்தார்கள். இரண்டாவது விளக்குக் கம்பத்தின் கீழ் அவர் நின்றுகொண்டார். மனைவி கீழேயிருந்து மிதித்து வர வேண்டும், முதல் கம்பத்தில் நாலிலிருந்து மூன்றுக்கு மாற்ற வேண்டும், அவரிடம் வந்து நிற்க வேண்டும். அவர் கால் சுற்று திருப்புவார். திரும்பக் கீழே. திரும்ப மேலே.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு.”

மறுபடி.

“இதுவா, முன்னதா?”

“இது. ஆனா இன்னும் லேசா இழுக்குது.”

காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் மூன்று தடவை பாலம் ஏறி இறங்குவதற்குள் அம்மாள் ஐந்து தடவை ஏறி இறங்கிவிட்டார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “நல்லாத்தானே சார் ஓட்டறாங்க. இன்னும் எதுக்குப் புடிச்சு வச்சிருக்கீங்க? தைரியமா விடுங்க” என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஏழாவது தடவை மனைவி வந்து நின்றபோது நெற்றியெல்லாம் வேர்வை. “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார்.

இருபத்திரண்டு வருடமாக அவர் கையை எடுக்கும் வார்த்தை அதுதான். ஆனால் கை போகவில்லை. இந்த அம்மாள் அவர் எடுத்த ஒவ்வொரு சட்டையையும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னவர். களைப்பில் சொல்கிறாரா? நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டுமே என்று சொல்கிறாரா? அவர் குனிந்து, கறுப்புத் திருகை இரண்டு விரலால் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்தார். திருகு இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

மனைவி இறங்கிப் போனார். திரும்பி, மிதித்து, முதல் கம்பத்தில் மாற்றி, அவர் முன்னால் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

“இப்ப?”

“நீங்க ஒண்ணும் திருப்பல.”

“பார்த்தியா?”

“எங்க பார்த்தேன். உங்க முதுகுதான் தெரிஞ்சுது. கால்ல தெரியாதா?” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, “சோதிச்சாச்சுல்ல? வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

அவர் தலையை ஆட்டினார். வீடுவரை அம்மாள் முன்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு போக, அவர் பின்னால் நடந்து வந்தார்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு, வெளுக்கும் நேரம், அவர் மாடி வராந்தாவில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் பாலத்தின் ஏற்றம் முழுதும் தெரியும். சைக்கிளின் சிவப்பு விளக்கு முதல் கம்பத்தைத் தாண்டியது. அவர் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது கம்பத்தையும் தாண்டியது. நிற்காமல், குலுங்காமல், ஒரே சீராக ஏறி உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

கீழே இறங்கி வந்தவர் வாசலில் இருந்த நடைக் காலணிகளை எடுத்து, அலமாரியின் அடித்தட்டில், பின்னால் தள்ளி வைத்தார். ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. கை நீண்டது. அதை மடக்கிச் சட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே இரண்டு விரல் மட்டும் கால் சுற்று திரும்பி, நின்றன.