பேட்டரிக்குக் காட்டிய கற்பூரம்

பக்கத்து வீட்டில் ஆயுத பூஜை. கற்பூர வாசனை வேண்டாம் என்றாலும் ஜன்னல் வழியாக வருகிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது காஞ்சிபுரத்தில் தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் போகும். தறிக்கு மேலே தொங்கிய டியூப்லைட்டுக்காகவே அப்பா இன்வெர்ட்டர் வாங்கினார். கரண்ட் இருக்கும்போது பேட்டரியில் சேர்த்துவைத்து, போனதும் திருப்பித் தரும். தூசி படக்கூடாதென்று பேட்டரியை மாடிப்படிக்கு அடியில், கதவு போட்ட பொந்துக்குள் வைத்தோம்.

அந்த ஆயுத பூஜையன்று அப்பா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, பொட்டு வைத்தார். கரண்ட் வந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே உலை கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது.

தறிக்குக் கற்பூரம் காட்டி முடிந்ததும் அம்மா சொன்னாள், "இதுக்கும் காட்டுங்க. இதுதானே நமக்கு வெளிச்சம் குடுக்குது."

அப்பா தட்டோடு பொந்துக்குள் குனிந்தார். பேட்டரி வெடித்து ஆசிட் முகமெல்லாம் தெறித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

"சார்ஜ் ஏறிக்கினு இருக்கும்போது கேஸ் வரும்மா. காத்தாட வெச்சிருக்கணும், நெருப்பே காட்டக்கூடாது" என்று மெக்கானிக் பிறகு வந்து சொன்னார்.

இப்போது பேட்டரி காற்றோட்டமாக வராந்தாவில் இருக்கிறது. வீட்டில் யாரும் கற்பூரம் ஏற்றுவதில்லை. கோயிலில் தீபாராதனைத் தட்டு வந்தாலும் அம்மா நகர்ந்துகொள்கிறாள்.

வாசனை வந்த ஜன்னல் பக்கம் அப்பா மெல்லத் திரும்பினார். இரண்டு கைகளையும் வெறுங்காற்றில் நீட்டி, கண்களில் ஒற்றிக்கொண்டார்.