மாப்பிள்ளைக்கு நான் கீறிய மூக்கு

எண்பதுகளின் நடுவில் ரொறன்ரோவில், படங்களுக்குப் பிரேம் போடும் கடையொன்றில் வேலை செய்தேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் பழைய படங்கள் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து லண்டன் மேடையில் சிரிப்புக் காட்டிய நடிகர்களின் கேலிச் சித்திரங்கள். ஒருவரின் வயிறு பாதித் தாளை அடைத்திருந்தது. இன்னொருவரின் வாய் காதுவரை கிழிந்திருந்தது. கண்ணாடி வெட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்து இருநூறு வருடமான வெள்ளைக்காரன் என்னைச் சிரிக்க வைக்கிறான் என்றால், கீறியவன் லேசுப்பட்ட ஆளில்லை.

அந்த மாதம் எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் போட்டார்கள். நகைச்சுவை வேடம் என் அறைத்தோழனுக்கு, நோட்டீஸ் கீறும் பொறுப்பு எனக்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். லண்டன்காரர்களை நினைத்துக்கொண்டு அவனுடைய மூக்கை நீட்டினேன். அது நாடகத்தின் பெயரில் போய் முட்டிய பிறகுதான் நின்றது. அவனே விழுந்து விழுந்து சிரித்து, ஸ்காபரோவின் வோபர்ன் பகுதிக் கடைகளில் கொண்டுபோய் ஒட்டினான்.

ரொறன்ரோவிலேயே இருந்த அவனுடைய அக்கா அப்போது அவனுக்கு யாழ்ப்பாணத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார். அவனுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே குழம்பியிருந்தன. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தம்பி இங்கே பெயரெடுத்த ஆள் என்று காட்ட, அக்கா அந்த நோட்டீஸையும் மடித்து, கோட் போட்ட படத்தோடு பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"ஐயோ அக்கா, உதை ஏன் அனுப்பினனீங்கள்?"

"உன்ர பேர் பெரிசாய்க் கிடந்தது. படத்தை ஆர் பார்த்தது?"

அக்காவில் காட்ட முடியாத கோபத்தை என்னில் காட்டினான். ஆறு கிழமை என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் சமைத்தான்.

பதில் வந்தது. பெண்ணே எழுதியிருந்தார்: "கனடா மாப்பிள்ளைமாரின் கோட் படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே ஆள் போலத்தான். தன்னை இப்படிக் கீறவிட்ட மனிதரோடு சிரித்துக்கொண்டு இருக்கலாம். எனக்குச் சம்மதம்."

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். "டேய், உனக்கும் ஒண்டு கீறி அனுப்படா!"

எனக்கும் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பென்சிலோடு கண்ணாடிக்கு முன்னால் இருந்தேன். அவனுடைய மூக்கை அவ்வளவு நீட்டிய கைக்கு, என்னுடையதை ஒரு நூலளவும் நீட்ட மனம் வரவில்லை.