சென்சாருக்கு வைத்த பொட்டு

போன வாரம் எதிர்வீட்டு யாமினி வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மறுநாள் ஒரு தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ.

"அங்கிள், 'ஏன் இன்ஜினியரிங் எடுத்தே'ன்னு கண்டிப்பா கேப்பாங்களாம். நீங்கதான் எழுதுறவராச்சே... ஒரு பதில் எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். தேச வளர்ச்சி, புதுமை, சிறு வயதுக் கனவு – எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். படித்துப் பார்த்தவள், "யாரு அங்கிள் இது?" என்றாள்.

சரி, உண்மையைச் சொல் என்றேன்.

அவள் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் மிஷின் ஆபரேட்டர். காண்ட்ராக்ட்தான். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த யாமினியிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "மிஷினுக்குப் பொட்டு வெய்ம்மா" என்றிருக்கிறார். அவள் குறை வைக்கவில்லை. மிஷினுக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் கண் மாதிரி ஏதோ பளபளவென்று இருந்ததாம். அதற்கும் ஒவ்வொன்று.

விஜயதசமி காலை மிஷின் ஓடவில்லை.

"ரெண்டு இன்ஜினியருங்க மல்லுக்கட்டிக்கினு இருந்தாங்களாம் அங்கிள். 'இன்னாய்யா பண்ணித் தொலைச்சே'ன்னு நைனாவைத்தான் திட்டிக்கினே இருந்தாங்க. வேலை போயிடும்னு பயந்து ஊட்டுக்கு போன் பண்ணாரு. அப்பதான் அந்தக் கண்ணுங்க எனக்கு ஞாபகம் வந்துச்சு."

கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் அது. சந்தனத்தைக் கை என்று நினைத்துவிட்டது. யாமினி போனில் சொன்னதும் அப்பா துடைத்தார்... ஓடியது. நைனாவின் வேலையும் தப்பியது. நைனாவைத் திட்டாத இன்ஜினியர் ஒருத்தியாவது வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம் யாமினி.

இருந்தாலும், "இதை மட்டும் அங்கே சொல்லிடாதே. ஃபேக்டரியை நிறுத்தினவளை யாரும்மா சேப்பாங்க?" என்றேன். முப்பது வருஷ அனுபவம் பேசியது. என் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்பினேன்.

இன்டர்வியூவில் இரண்டாவது வரியிலேயே மறந்துவிட்டதாம். வேறு வழியில்லாமல் பொட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். கேட்ட அதிகாரி சிரிக்கவில்லை. எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டி வந்து, "மறுபடி சொல்லும்மா" என்றாராம்.

கையில் சொந்தக் காரணம் இருக்கும்போது அடுத்தவர் காரணத்தை எதற்கு மனப்பாடம் செய்கிறோம்? எழுதிக் கொடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாமினி செலக்ட் ஆகிவிட்டாள். அந்தத் தொழிற்சாலையில் இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு அவளுக்குத்தான் – எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆளாம்!