இன்னொருக்கா பார்த்துடறேன்

பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாயிற்று. நாலு எட்டு வைத்தவர் நின்றுவிடுகிறார். கைகள் வாக்கரைப் பிடித்திருக்க, தலை மட்டும் பின்னால் திரும்புகிறது. "இன்னொருக்கா பார்த்துடறேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு மறுபடியும் கதவுக்கே போகிறார். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மகள் மனதுக்குள் எண்ணுகிறாள். விளக்குகூட ஏற்றவில்லை, அதற்குள் இது ஐந்தாவது நடை.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தேனீ வளர்ப்பவர் என்று சொன்னால் வீட்டுத் தோட்டத்தில் நாலு பெட்டி வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இவர் ஐம்பது வருஷமாகத் தேனீக்களை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். ஓரிடத்தில் சூரியகாந்தி முடிந்தால் இன்னோரிடத்தில் கொத்தமல்லி பூக்கும், அது முடிந்தால் எங்கோ தைலமரம். நாற்பது நாளுக்கு மேல் ஒரு மண்ணில் அவர் கால் தரித்ததில்லை. வீடு என்பது ஒரு தார்ப்பாய், ஆறு கம்பு, இரண்டு டிரங்குப் பெட்டி. மகள் பிறந்து தவழ்ந்து நடந்து பள்ளிக்கூடம் போனதெல்லாம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில்.

பெட்டிகளைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. பகலெல்லாம் வெளியே அலைந்த ஈக்கள் பொழுது சாய்ந்ததும் பெட்டிக்குள் அடங்கிவிடும். மறுநாள் வெளுப்பதற்குள் ஈரச் சாக்குத் துண்டைச் சுருட்டி ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் திணித்து அடைத்துவிட வேண்டும். ஒரு வாசல் விட்டுப்போனாலும் வெளிச்சம் பட்டதும் அவை கிளம்பிவிடும். அப்புறம் பெட்டியைத் தூக்க முடியாது. தூக்கினால் திரும்பி வரும் ஈக்கள் பெட்டி இருந்த வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும். அதனால் அவர் எல்லாவற்றையும் அடைத்து முடித்ததும் ஒரு தடவை பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து கடைசி வரிசையை இன்னொரு தடவை பார்ப்பார். லோடு ஏற்றிக் கயிறு கட்டிய பிறகும் பார்ப்பார். லாரி ஓட்டுநர்கள் அவருக்கு 'இன்னொருக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய லோடு என்றால் சாவகாசமாக இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்களாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் நடந்தது. பெட்டிகள் ஏறியாயிற்று, கயிறு கட்டியாயிற்று, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியும்விட்டார். கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறியவர் வழுக்கிக் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்த மருத்துவர், மகளைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை விழுந்தால் படுத்த படுக்கைதான், அப்புறம் என்னிடம் கொண்டுவந்து பயனில்லை என்று சொல்லி அனுப்பினார்.

மகள் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். இருபது வருஷமாக அவள் குடியிருக்கும் வீடு. ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றி அடிக்க விடமாட்டாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். அந்த வீட்டில் அப்பா இருப்பது, பேருந்து நிலையத்தில் ஒருவர் இருப்பதைப் போலத்தான். நாற்காலியின் முன்விளிம்பில்தான் உட்காருவார். செருப்பு கட்டிலுக்கு அடியில் வாசலைப் பார்த்தபடி இருக்கும். பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கட்டுமா என்று மகள் மூன்று முறை கேட்டுவிட்டாள். இருக்கட்டும்மா, எடுக்க வைக்க அதுதான் வசதி என்று மூன்று முறையும் ஒரே பதில். சன்னலைத் திறந்து காற்றை மூக்கால் இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்கோ வேம்பு பூத்திருக்கிறது என்பார். பூத்துத்தான் இருக்கும்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளொன்றுக்கு எழுபது எண்பது பேருக்கு ஊசி குத்துகிறவள். வாரத்துக்கு ஒரு முறை அப்பாவுக்கும் அவளே வீட்டில் ரத்தம் எடுப்பாள். ஐம்பது வருஷம் கொட்டு வாங்கிய மனிதர், ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "அது கொட்டினா மருந்தும்மா. நீ குத்தினாதான் வலிக்குது" என்பார். மருமகனுக்கு அன்று முழுக்கச் சிரிக்க அது போதும்.

இங்கே அடைப்பதற்குத் தேனீ வாசல் இல்லை. ஆனால் வேறு எத்தனையோ இருக்கின்றன. கேஸ் அடுப்பின் திருகு, குளியலறைக் குழாய், மாடிப்படிக் கதவு, தெருக் கேட். ஃப்ரிட்ஜ் சரியாக மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்து மூடுவார். திறந்ததால் மறுபடியும் பார்க்க வேண்டியதாகிவிடும். மாமா இருக்கும்போது நமக்கு வாட்ச்மேன் எதற்கு என்கிறார் மருமகன். எல்லோரும் சிரிக்கிறார்கள். மகளுக்குச் சிரிப்பு வருவதில்லை. வாக்கர் நகரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறாள். விழுந்துவிடுவாரோ என்ற பயம் பாதி. மற்றதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. நாலாம் வகுப்பை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மக்காக இருந்ததால் இல்லை. முழுப் பரீட்சை வரும் சமயத்தில் பூ முடிந்துவிடும், லாரி வந்துவிடும். அடுத்த ஊரில் மறுபடியும் முதலிலிருந்து உட்கார்த்துவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த முறை சூரியகாந்திக் காட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் எழுதாவிட்டால் நிறுத்திவிட்டு அம்மாவுக்குக் கூடமாட உதவியாக இரு என்று அக்கறையாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை பரீட்சை தொடங்கவிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை விடியற்காலை லாரி வருவதாக இருந்தது.

ஒரு வாரம் பொறுக்கலாமா என்று அவள் அப்பாவைக் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பூ முடிஞ்சு போச்சும்மா, அதுங்க பட்டினி கிடக்கும், அடுத்த ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு என்றார். அதை அவர் மனதார நம்பினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தாலாவது அழுதிருக்கலாம்.

சனிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் அப்பா எல்லாப் பெட்டிகளையும் அடைத்துவிட்டு, லாரிக்கு வழிகாட்ட மெயின் ரோட்டுக்கு நடந்தார். அம்மா பாத்திரங்களைக் கழுவ வாய்க்காலுக்குப் போனாள். அவள் கடைசி வரிசைக்குப் போனாள். ஒன்பது பெட்டி. ஒன்பது வாசலிலிருந்தும் சாக்குத் துண்டைப் பிடுங்கினாள். பிடுங்கியதை மீதிச் சாக்குக் குவியலிலேயே போட்டாள். பார்ப்பவர்களுக்கு அந்த வரிசையை அடைக்கவே இல்லை என்றுதான் தோன்றும். கை வீங்கியது. கொட்டு வாங்காத கை இல்லாத குடும்பத்தில் அதை யார் கேட்கப்போகிறார்கள்?

லாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. காடெல்லாம் ஈக்கள். முதல் பெட்டியைத் தூக்கக் குனிந்த சுமைக்காரர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம்வரை நிற்க முடியாது, வேறு லோடு இருக்கிறது என்று ஓட்டுநர் ஹாரனை அடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த லாரி ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. அப்பா கடைசி வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வாசலையும் விரலால் தடவிப் பார்த்தார். நான்தான் விட்டுட்டேன், இருட்டுல கவனிக்கல என்று அம்மாவிடம் சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை எழுதினாள், தேறினாள். அன்று ஐந்தாம் வகுப்புக்குப் போனவள்தான் இன்று வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போகிறாள். அந்த ஒன்பது நாளில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் தாங்காமல் ஐம்பத்துநாலு பெட்டியில் இருபத்தொன்று காலியாகிவிட்டது. ஈக்கள் கூட்டமாகக் கிளம்பி எங்கேயோ போய்விட்டன. அந்தப் பருவம் முழுக்க அப்பா இன்னொருவரிடம் சுமை ஏற்றப் போனார். அடுத்தவர் பெட்டியை அவர் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தபடி அவள் பள்ளிக்கூடம் போனாள். அந்த வருஷம்தான் அவருக்கு இந்தப் பழக்கம் பிடித்தது. அதற்கு முன்னால் அவர் எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்த்தவர் இல்லை.

முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை. எந்தச் சண்டை வந்தாலும் "கடைசி வரிசையை விட்ட ஆளுதானே நீங்க" என்று அம்மா ஒரு குத்து குத்துவாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அப்போதெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது, ஆறாவது நடையில், வாக்கரின் ஒரு கால் மிதியடியில் சிக்கிக்கொள்கிறது. அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் கையை ஊன்றித் தப்பிக்கிறார். கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்த மகள் அவரைப் பின்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கிறாள். இன்னும் கேட்டைப் பார்க்கவில்லையே என்கிறார் அவர்.

"அப்பா, நீங்க மறக்கல."

"எதைம்மா?"

"சூரியகாந்திக் காட்டுல, அந்தக் கடைசி வரிசை. நீங்க அடைச்சிருந்தீங்க. நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பரீட்சை, முழங்கால் இடித்த பெஞ்சு, தலைமையாசிரியர் சொன்னது, சாக்குக் குவியல் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டுகிறாள். உங்கள் தேனீக்களைத் துரத்தியது நான், உங்களை அடுத்தவனிடம் மூட்டை தூக்கவைத்தது நான், இந்தக் காலை உடைத்ததும் நான்தான் என்று சொல்லி அழுகிறாள். அவர் திட்டினால் தேவலை என்றிருக்கிறது அவளுக்கு.

அப்பா பின்கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் அடைச்சிருந்தேனா?"

"அடைச்சிருந்தீங்கப்பா. பிடுங்கவே முடியல. அவ்வளவு இறுக்கம்."

"இறுக்கமாத்தான் அடைப்பேன்" என்கிறார் அவர். அதைச் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை வருகிறது. மகள் எழுந்து போய் அணைத்துவிட்டு வருகிறாள். வந்தபோதும் அவர் அதே இடத்தில்தான் இருக்கிறார். ஆனால் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கிறார்.

"ஈ அடங்கறதுக்குப் புகை போட்டியா?"

"இல்லப்பா."

"புகையும் போடாம, ஒன்பது வாசலையும் வெறுங்கையாலயா?"

"ஆமா."

"கொட்டியிருக்குமே."

"நாலு."

"எங்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய வலது கையைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொள்கிறார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். கதவிடுக்கில் வரும் மிச்ச வெளிச்சத்துக்கு அந்தக் கையைச் சாய்த்துப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். வெங்காயம் நறுக்கிய, நாற்பத்திரண்டு வயதுக் கை. கொடுக்கை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கக் கூடாது, விஷம் உள்ளே இறங்கிவிடும். நகத்தால் பக்கவாட்டில் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கட்டை விரல் நகத்தை வைத்து, வலிக்காமல், மெதுவாக ஒரு சுரண்டு சுரண்டுகிறார். பிறகு அடுத்த இடுக்கைப் பிரிக்கிறார்.