எழுபது வளைவு, இரண்டு டர்போ, ஓட்டியது மலர்

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை கொல்லிமலைக்குப் போனோம். ஊர் சுற்றப் போகிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம் என் மனைவி மலர். முன்பொருமுறை எங்கள் பழைய டீசல் காரில், சேலம் சாலையில், ஒரு லாரியை முந்தப் போனாள். ஆக்சிலரேட்டரை மிதித்தாள், வண்டி ஒரு கணம் சும்மா இருந்தது. எதிரே பஸ். மயிரிழையில் தப்பினோம். அன்றோடு அவள் சாவியைத் தொடவில்லை. கொல்லிமலை வளைவுகளில் ஓட்டிப் பார்ப்பது, முடியாவிட்டால் இனி ஓட்டுவதே இல்லை என்று முடிவெடுத்ததும் அவளேதான்.

அந்த ஒரு கணத்துக்குப் பெயர் டர்போ லேக். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் விசிறிதான் டர்போ. அது வேகம் பிடித்தால்தான் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். பெரிய டர்போவுக்கு இழுவை அதிகம், ஆனால் வேகம் பிடிக்க நேரமாகும். இப்போது நாங்கள் வைத்திருக்கும் காரில் இரண்டு டர்போ. சின்னது சட்டென்று சுழலத் தொடங்கும், வேகம் ஏறியதும் பெரியது கைகொடுக்கும். (எல்லா ட்வின் டர்போவும் இப்படி இல்லை. சில இன்ஜின்களில் ஒரே அளவில் இரண்டு இருந்து, சிலிண்டர்களைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்.) இதையெல்லாம் நாமக்கல்லிலிருந்து மலையடிவாரக் காரவள்ளி வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரும் விளக்கிக்கொண்டே வந்தேன். மலர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.

காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இடம் மாறி, ஸ்டியரிங்கை மலரிடம் கொடுத்தேன். மேலே ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் படிந்து, மரங்கள் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிந்தன. வளைவு எண் எழுதிய பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வந்தன. ஈரமண் வாசனை. நாங்கள் மலை ஏறுகிறோமா, மலைதான் எங்களைக் கடந்து கீழே போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். நான்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

முப்பதாவது வளைவைத் தாண்டியதும் மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. சமவெளிப் பழக்கத்தில் மலர் அடுத்த வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் பைக்கில் வந்த, மலைமேல் வாழவந்தி நாட்டு விவசாயி ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏறுற வண்டி நிக்கக் கூடாதுங்க கண்ணு. பஸ்ஸு மேலயே நிக்கும், நீங்க போங்க."

உண்மைதான். பஸ் மேலே ஒதுங்கிக் காத்திருந்தது. ஆனால் வண்டி இப்போது செங்குத்தில், ஸ்டியரிங் முழுக்க ஒடித்த நிலையில் நிற்கிறது. பழைய கார் என்றால் மிதித்ததும் திணறி, பின்னால் நழுவி, பிறகு திடீரென்று பாயும். என் பக்கம் இல்லாத பிரேக்கை என் வலது கால் தேடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஏனுங்க, செத்த பேசாம இருங்க," என்றாள் மலர்.

முதல் கியர். கை பிரேக்கை விட்டாள். தூங்கும் குழந்தையைத் தோளுக்கு மாற்றுகிற மாதிரி, உலுக்கலே இல்லாமல் வண்டி மேலே நகர்ந்தது. பஸ்ஸைக் கடந்ததும் அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு டர்போ இருந்தாலும் தவறான கியரில் வண்டி முரண்டு பிடிக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். இறங்கும்போதும் அதே கியர். மேலே போனதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் டர்போ சூடு தணியும். வளைவுகள் வேண்டாம் என்பவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழி இருக்கிறது. மலைமேல் செம்மேட்டில் எங்கள் அறைக்கு வாடகை 1,500 ரூபாய்.

சாயங்காலம் அந்த அறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மலர் சாவியோடு வெளியே வந்தாள். நானும் எழுந்தேன்.

"நா மட்டும் போயிட்டு வாரேனுங்க," என்றாள்.

வழிவிட்டு ஒதுங்கினேன். பனிக்குள் கார் மறைந்த பிறகும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. டீ ஆறிப்போனது. எத்தனை காலம் கழித்து அவள் தனியாக எங்கோ போகிறாள். உள்ளே போக மனம் வராமல் அங்கேயே நின்றேன்.